யார் யாருக்குக் கொடுத்த மானியம்?

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் விவசாயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு வாதம் தவறாமல் வந்து உட்காரும். வெள்ளம் வந்தால் நிவாரணம், மழை பொய்த்தால் நிவாரணம், தோல் கழிவுக்கு நீதிமன்றமே வாங்கிக் கொடுத்த நஷ்டஈடு, அது போகப் பயிர்க் காப்பீடு. இதற்கு மேல் என்னதான் செய்வது? கொடுத்துக் கொடுத்தே விவசாயியைக் கெடுத்துவிட்டோம். ஊருக்குச் சோறு போடுவது தோல் தொழில். அது கட்டும் வரியில்தான் இவர்களுக்குப் போகிறது. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் பேசுகிற பேச்சில்லை இது. தொலைக்காட்சியில் பட்ஜெட் அலசுகிறவர்களும், இதே ஊரில் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனவர்களின் பிள்ளைகளும் இதைத்தான் சொல்கிறார்கள். இந்த வாதத்தில் ஒரு துண்டுகூடத் தேறாது. கடைசித் துண்டோ தலைகீழ். பாலாற்றுப் படுகையில் அரை நூற்றாண்டாக மானியம் கொடுத்துவருபவர் விவசாயி. வாங்கிக்கொண்டது தொழில்.

முதலில் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் கொடுக்கிற பணத்தைப் பார்ப்போம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022-ல் வகுத்த விதிமுறைப்படி, பாசன நிலத்தில் பயிர் அழிந்தால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். மானாவாரிக்கு 8,500. தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 22,500. சேதம் 33 சதவீதத்தை எட்டினால்தான் இது கிடைக்கும். இரண்டு ஹெக்டேருக்கு மேல் கணக்கில் வராது. தமிழக அரசு நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு 2021 ஜனவரியில் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 அறிவித்தது. மிக்ஜாமுக்குப் பிறகு 2023 டிசம்பரில், 13,500-ஐ 17,000 ஆக உயர்த்துகிறோம் என்று அறிவித்தது. இருபதாயிரத்தை ஒருமுறை பார்த்துவிட்ட விவசாயிக்குப் பதினேழாயிரம் எப்படி உயர்வாகத் தெரியும் என்று கேட்கத் தோன்றுகிறது. அது கிடக்கட்டும்.

ஹெக்டேருக்கு 17,000 என்றால் ஏக்கருக்கு 6,880 ரூபாய். ஏக்கருக்கு 20 குவிண்டால் என்று தாழ்த்தியே விளைச்சலைப் போட்டாலும், 2025-26-க்கான மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையான 2,369 ரூபாய்க்கு அந்த நெல் 47,380 ரூபாய் பெறும். முழுதும் மூழ்கி அழுகிப்போன பயிருக்குக் கிடைப்பது அதில் ஏழில் ஒரு பங்கு. உழவுக் கூலி, நடவுக் கூலி, உரம், களையெடுப்பு எல்லாம் சேர்த்தால் போட்ட முதலில் கால் பங்கு தேறினாலே பெரிது. அரசே இந்தத் தொகையை இடுபொருள் மானியம் என்றுதான் விதிப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறது. அடுத்த முறை விதைக்க விதையும் உரமும் வாங்கிக்கொள்ளச் சின்னக் கைப்பிடி. நட்டத்தை ஈடுகட்டுவதாக அரசு ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. வெளியே இருப்பவர்கள்தான் ஈடுகட்டிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த விதிக்குள் ஒரு வேடிக்கையும் உண்டு. 32 சதவீதம் போனவனுக்கு ஒன்றுமில்லை. 33 சதவீதம் போனவனுக்கும் முழுக்கப் போனவனுக்கும் ஒரே தொகை. 2015 வரை இந்த வரம்பு 50 சதவீதமாக இருந்தது. பாதிப் பயிரைப் பறிகொடுத்தால்தான் பேரிடர் என்று ஒப்புக்கொண்டார்கள். தென்னைக்கு வாருங்கள். ஏக்கருக்கு 70 மரம் என்றால் மரம் ஒன்றுக்கு 130 ரூபாய் விழுகிறது. காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம், அதற்குப் பிறகு ஒரு தலைமுறை காய்க்கும் மரத்துக்கு 130 ரூபாய். அரசுக்கு மனம் இருந்தால் விதியைத் தாண்ட முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது: 2018-ல் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது மரத்துக்கு 600 ரூபாயும், சாய்ந்த மரத்தை வெட்டி அகற்ற 500 ரூபாயும் சேர்த்து 1,100 கொடுத்தார்கள். அதுவும் போதவில்லை என்று பட்டுக்கோட்டை, பேராவூரணி விவசாயிகள் சொன்னார்கள், சரியாகத்தான் சொன்னார்கள்.

'பட்டியலில் மோசடி நடக்கிறது, பயிர் வைக்காதவன் வாங்குகிறான்' என்பார்கள். நடக்கிறது, மறுக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து வயலைப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். சிட்டாவும் அடங்கலும் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வங்கிக் கணக்குக்குப் பணம் போகிறது. நிலத்துக்காரர் பெங்களூரில் இருப்பார். குத்தகைக்கு எடுத்து வட்டிக்குக் கடன் வாங்கி நட்டவர் ஊரில் இருப்பார். குத்தகை வாய்ப்பேச்சாக இருக்கும், அடங்கலில் ஏறியிருக்காது. நிவாரணம் பெங்களூருக்குப் போகும். இதைத் தடுக்கக் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1969-லேயே வந்துவிட்டது. அதை யாரும் தீண்டுவதில்லை. குத்தகைதாரர் பெயரை எழுதக் கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்பது ஊருக்கே தெரியும். ஆக இந்த மோசடியில் முதலில் ஏமாறுபவன் உழுதவன்தான். அவன் ஏமாந்ததையே சாட்சியாக வைத்து, அவனுக்குக் கொடுப்பது தண்டம் என்று வாதாடுவது என்ன நியாயம்?

உதவி செய்தால் சோம்பேறியாவான் என்ற கவலையும் நேற்று முளைத்ததில்லை. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது, மேலிருந்து அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியில் மண் சுமக்கிறவர்களின் தினக்கூலியை ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையுமாகக் குறைத்தார். அதிகம் கொடுத்தால் செலவு கையை மீறும், ஜனங்கள் பழகிவிடுவார்கள் என்பது வாதம். இந்த அளவில் உழைக்கிற உடம்பு தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். பிறகு கூலியைக் கூட்ட வேண்டி வந்தது. அதற்குள் செத்தவர்கள் செத்தார்கள். அந்தப் பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களில் நம் வட ஆற்காடும் ஒன்று. டெம்பிளின் கவலையை அவர் பேரப்பிள்ளைகள்கூட இன்று சுமக்கமாட்டார்கள், நாம் சுமக்கிறோம்.

இனிக் காப்பீடு. இதைத்தான் படித்தவர்கள் துருப்புச் சீட்டாக எடுத்து வீசுகிறார்கள். 2016-ல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டுவது காரீஃப் பருவத்துக்குக் காப்புத்தொகையில் 2 சதவீதம், ராபிக்கு 1.5, தோட்டப்பயிருக்கும் பணப்பயிருக்கும் 5. மீதியை அரசுகள் கட்டுகின்றன. மலிவுதான். ஆனால் இழப்பீடு தீர்மானிக்கப்படும் விதத்தைப் பாருங்கள். பொதுவான விளைச்சல் இழப்புக்கு உங்கள் வயலைத் தனியாக யாரும் பார்ப்பதில்லை. ஊராட்சி அளவிலோ குறுவட்ட அளவிலோ சில இடங்களில் அறுவடைப் பரிசோதனை நடத்திச் சராசரி எடுப்பார்கள். அந்தச் சராசரி, உத்தரவாத மகசூலுக்குக் கீழே இருந்தால் எல்லோருக்கும் உண்டு. இல்லாவிட்டால் உங்கள் வயல் சுடுகாடானாலும் ஒன்றுமில்லை. உத்தரவாத மகசூல் எங்கிருந்து வருகிறது? முந்தைய ஏழு வருஷ விளைச்சலில் சிறந்த ஐந்தின் சராசரியை எடுத்து, அதில் 70 முதல் 90 சதவீதம் வரை ஒரு அளவு வைப்பார்கள்.

வாணியம்பாடிக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நிலம் ஒரே நாளில் சாகாமல் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பேறிச் செத்தால் என்ன ஆகும்? முப்பது மூட்டை கண்ட ஏக்கர் இருபத்தைந்துக்கு இறங்கும். பிறகு இருபது, பிறகு பதினைந்து. கடந்த ஏழு வருஷச் சராசரியும் கூடவே இறங்கிக்கொண்டு வரும். காப்பீட்டின் கண்ணுக்கு அந்த ஊரில் எதுவுமே நடக்கவில்லை. வழக்கமான பதினைந்து மூட்டைதான் விளைந்திருக்கிறது. நட்டம் சராசரிக்குள்ளேயே கரைந்துபோகிறது. நெல்லை விட்டுக் கேழ்வரகு, அதையும் விட்டுத் தீவனப்புல், கடைசியில் சீமைக் கருவேலம் என்று பயிர் மாறிவிட்டால் காப்பீட்டுப் பட்டியலிலேயே அந்த நிலம் இருக்காது. பேரிடர் நிதிக்கும் இதே குருடு. அதன் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தீ, சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், குளிர் அலை உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரு தேதி உண்டு. பாலாற்றில் 2021 நவம்பரில் லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் போனபோது அதிகாரிகள் வந்தார்கள், மத்தியக் குழு வந்தது, கணக்கெடுத்தார்கள். கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்த நாள் எது என்று யாரால் சொல்ல முடியும்? தேதி இல்லாத அழிவுக்குக் குழு வராது.

அந்த அழிவு எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துத் தோல் பதனிட்ட காலத்தில் கழிவு நாறும். ஆனால் நிலத்தைக் கொல்லவில்லை. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழு பரிந்துரைத்தபடி, கச்சாத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையே அனுப்ப வேண்டும் என்ற கொள்கை வந்தது. அன்னியச் செலாவணி கூடியது. குரோம் உப்பு வந்தது. ரசாயனங்களின் எண்ணிக்கை பெருகியது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் அளவில் தண்ணீர் போனது. கெடாமலிருக்கத் தோலில் தடவிவரும் சாதாரண உப்பே மலையளவு சேர்ந்தது. வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகவே கிடக்கிற ஆறு இது; கழிவை அடித்துக்கொண்டு போகத் தண்ணீர் ஏது? ஆற்றில் விட்டது கிணற்றில் ஏறியது. கிணற்றில் ஏறியது வயலுக்கு வந்தது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் எடுத்த கணக்கில், தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று கொடுத்த தீர்ப்பிலேயே இந்த எண் இருக்கிறது. நீதிபதி குல்தீப் சிங் அமர்வின் அந்தத் தீர்ப்பை இந்தியாவின் சட்டக் கல்லூரி ஒவ்வொன்றிலும் பாடமாகப் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டமானது நம் ஊர்க் கிணறுகளால். தீர்ப்பு புகழ் பெற்றது. கிணறு அப்படியே இருந்தது.

நட்டத்தைக் கணக்கிட அந்தத் தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட ஆணையம் 2001 மார்ச் 7-ல் உத்தரவு போட்டது: வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு, 547 தோல் தொழிற்சாலைகள் சேர்ந்து, சுமார் 26.82 கோடி ரூபாய். 'கோடிக் கணக்கில் வாங்கினார்களே' என்று இன்றும் காட்டப்படும் பணம் இதுதான். வகுத்துப் பாருங்கள். ஆளுக்குச் சராசரி 9,187 ரூபாய். 1991 ஆகஸ்ட் முதல் 1998 முடிவு வரை ஏழு வருஷத்துக்கு மேல் இழந்ததற்கு. மாதம் நூறு ரூபாய் சொச்சம். மறுபக்கத்தில், தொழிற்சாலை ஒன்றுக்குச் சராசரி ஐந்து லட்சத்துக்கும் குறைவு, அதே ஏழு வருஷத்துக்கு. ஆற்றையும் நிலத்தடி நீரையும் கழிவுத் தொட்டியாகப் பயன்படுத்திக்கொள்ள இவ்வளவு மலிவான வாடகை உலகத்தில் வேறெங்கு கிடைக்கும்? கழிவைச் சுத்தம் செய்ய ஆகியிருக்க வேண்டிய செலவு யாரோ ஒருவர் தலையில் விழத்தானே வேண்டும். விழுந்தது தென்னை வைத்தவர் தலையில். அந்தச் செலவைக் கழித்துத்தான் ஏற்றுமதி லாபம் லாபமாயிற்று.

அந்தச் சொற்பமும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, அதை மாசுபடுத்தியவர்களிடம் வருவாய் வசூல் சட்டத்தின்படி வசூலித்துக்கொள்ள வேண்டும். ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றின் நிலையைக் கண்காணிக்க வேண்டும் என்றது. 1998 வரையிலான நட்டத்துக்கு 2025-ல் உத்தரவு. 'விவசாயி கை நீட்டிக்கொண்டே இருக்கிறான்' என்று சொல்பவர்கள் இந்தத் தேதிகளை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்கலாம்.

'வரிப்பணம்' என்ற வாதத்துக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. ஆணையம் விதித்த தொகை அரசின் பணமல்ல. கெடுத்தவர் கொடுக்க வேண்டியது. அரசு இப்போது முன்பணம் போடுகிறது என்றால், இத்தனை வருஷம் வசூலிக்காமல் விட்டதற்கான விலை அது. இதற்கு எதிர்த்திசையில் உண்மையான வரிப்பணம் போயிருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பகுதிகளில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தது மத்திய, மாநில அரசு மானியங்களின் துணையோடுதான். அதை நான் குறை சொல்லவில்லை, நிலையங்கள் வேண்டியவையே. ஆனால் பழைய முறைச் சுத்திகரிப்பு நாற்றத்தையும் கசடையும் எடுக்குமே தவிர, கரைந்த உப்பை எடுக்காது. உப்பைப் பிரிக்கும் சவ்வூடு பரவல் கருவிகள் வெகு பின்னால்தான் வந்தன. எடுத்த கசடை எங்கே வைப்பது என்பது இன்னொரு துயரம். 2015 ஜனவரி 31 விடியுமுன் ராணிப்பேட்டை சிப்காட் அருகே கசடுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் அதில் மூழ்கி இறந்தார்கள்.

தொழிலுக்கு எதிராக நான் பேசுவதாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆம்பூரின் ஷூ கம்பெனிப் பேருந்துகளில் விடியற்காலையில் ஏறும் பெண்களில் பலர் இந்த விவசாயக் குடும்பங்களின் மகள்களும் மருமகள்களும்தான். நிலம் கைவிட்ட வீட்டில் அடுப்பெரிவது அந்தச் சம்பளத்தில். அதனால் 'தொழில் வேண்டுமா, விவசாயம் வேண்டுமா' என்ற பட்டிமன்றமே பொய். சிறிய அளவில் கூலிக்குத் தோல் பதனிட்டுக் கொடுப்பவரும் வெளிநாட்டு வாங்குபவர் சொல்கிற விலைக்குக் கட்டுப்பட்டவர்தான். ஐரோப்பியக் கடையில் விற்கும் செருப்பின் விலையில் வாணியம்பாடிக் கிணற்றின் விலை சேராததால்தான் அது அந்த விலைக்கு விற்கிறது. ஆனால் அந்தச் சம்பளத்தைக் காட்டி, 'நிலத்துக்குப் பதில் வேலை கொடுத்தோமே' என்று கணக்கை முடிக்க முடியாது. சம்பளம் செய்த வேலைக்கு. நிலம் போனதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஜப்பானில் ஆஷியோ தாமிரச் சுரங்கத்தின் கதை இதற்கு அண்ணன் முறை. சுரங்கக் கழிவு வத்தராசே ஆற்றில் இறங்கி வயல்களைக் கெடுத்தது 1890-களில் பெரும் போராட்டமானது. தாமிரம் நாட்டுக்கு வெளிநாட்டுப் பணம் கொண்டுவந்த பொருள். விவசாயிகளைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தனக்கா ஷோசோ நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை விட்டுவிட்டு, 1901 டிசம்பரில் மன்னரிடமே நேராக மனுவை நீட்டப் பாய்ந்தார். நிறுவனம் பொறுப்பேற்று இழப்பீடு தர ஒப்புக்கொண்டது 1974-ல். நம் கணக்கு அந்த அளவுக்கு நீளாது என்று நினைக்க ஆசைதான். 1991-ல் தொடங்கியதை எண்ணினால் அதில் பாதி தூரம் கிட்டத்தட்ட வந்துவிட்டோம்.

இப்போது செய்ய வேண்டியது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. 2001 உத்தரவில் பெயர் இருந்தவர்களில் பலர் இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாற்றத்துக்கும் தாலுகா அலுவலகத்தில் நடையாய் நடக்கிற செலவே அந்த ஒன்பதாயிரத்தைத் தின்றுவிடும். எனவே கிராமம் வாரியாகப் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, வாரிசு விசாரணையை அந்தந்த ஊரிலேயே முகாம் வைத்து முடிக்க வேண்டும். மாசு நீங்கும் வரை தொழிற்சாலைகளின் பொறுப்பு தொடரும் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் 1999 ஜனவரியிலிருந்து இன்றுவரையிலான நட்டத்தைக் கணக்கெடுக்க வேண்டியது பாக்கி. அதற்குக் கிணற்று நீரின் உப்பளவையும் மண்ணின் களர்த்தன்மையையும் ஆண்டுதோறும் எடுத்து, வயலின் புல எண்ணோடு சேர்த்துப் பதிவு செய்தாக வேண்டும். காப்பீட்டுக்கான உத்தரவாத மகசூலை அந்த ஊர்களுக்கு மட்டும், பாதிக்கப்படாத பக்கத்து ஊர்களின் விளைச்சலை வைத்து நிர்ணயிக்க வேண்டும். 2024-ல் வெப்ப அலையைத் தன் சொந்த அதிகாரத்தில் மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழக அரசுக்கு இது முடியாத காரியம் அல்ல. செலவு யாருடையது என்று 1996-லேயே தீர்ப்பாகிவிட்டது.